ஐந்து பட்டு இதழ்களில் ஒரு உமே பூ: ட்சுமாமி கன்சாஷி செய்யும் முறை

ஜப்பானில் கிமோனோ உடுத்தும் நாட்களில் பெண்கள் கூந்தலில் செருகிக்கொள்ளும் அணிகள் எல்லாவற்றுக்கும் கன்சாஷி என்று பெயர். சீப்பு வடிவில் இருப்பது குஷி. கொண்டையின் குறுக்கே போகும் கோல் கோகாய். ஒற்றை மணி கோத்த ஊசி தாமா கன்சாஷி. மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாகத் தொங்கிச் சலசலப்பது பிரா-பிரா. சிறு பட்டுச் சதுரங்களை மடித்து, இதழ் இதழாக ஒட்டிப் பூவாக்குவதுதான் ட்சுமாமி கன்சாஷி. 'ட்சுமாமு' என்றால் கிள்ளிப் பிடிப்பது என்று பொருள். எடோ காலத்தில் (1603–1868) வளர்ந்த இந்தக் கைவேலை இன்று டோக்கியோவின் மரபுக் கைவினைகளில் ஒன்றாக அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. கியோட்டோவில் கெய்ஷா கலைக்குப் பயிலும் இளம்பெண்களான மைக்கோக்கள் அணியும் பூக்களும் இந்த முறையில் செய்யப்படுபவைதான்.

இங்கே சொல்லப்போவது ஒரு முழு அணி செய்யும் முறை. பெரிய உமே பூ ஒன்று, சிறிய உமே இரண்டு, இலை மூன்று, கீழே ஆடும் சரம் மூன்று. உமே என்பது குளிர் முடியும் முன்பே பூக்கும் ஐந்திதழ்ப் பூ. புத்தாண்டுக்கும் ஜனவரியில் வரும் வயதுவந்தோர் விழாவுக்கும் பொருந்தும். இதழ் ஐந்தே என்பதால் முதல்முறை செய்பவருக்கும் ஏற்றது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மடிப்பைக் கற்க ஒரு மணி நேரம் போதும். பூவை அழகாக்குவதும் கெடுப்பதும் மடிப்புக்கு அடியில் இருக்கும் பசை. அதன் பதத்துக்கும் அது ஊறும் நேரத்துக்கும் இங்கே கூடுதல் இடம் கொடுத்திருப்பது அதனால்தான்.

எந்த மாதத்துக்கு எந்தப் பூ

கன்சாஷியில் பூவைத் தேர்ந்தெடுப்பது நிறப் பொருத்தம் பார்த்து அல்ல, பருவம் பார்த்து. மைக்கோ பெண்களின் அணி மாதந்தோறும் மாறும். ஜனவரியில் பைன், மூங்கில், உமே மூன்றும் சேர்ந்த மங்கலக் கூட்டு. புத்தாண்டின் முதல் நாட்களில் அதோடு நெற்கதிரும் வெண்புறாவும் சேரும். பிப்ரவரிக்கு உமே, மார்ச்சுக்கு மஞ்சள் கடுகுப்பூ, ஏப்ரலுக்கு செர்ரிப் பூவான சகுரா, மே மாதத்துக்கு ஊதா நிறத்தில் தொங்கும் ஃபுஜி (விஸ்டீரியா) பூ. ஜூனில் வில்லோக் கிளை. ஜூலையில் விசிறி, அந்த மாதத்து கியோன் விழாவுக்கென்று தனி அணி. ஆகஸ்டுக்கு நாணல் பூ, செப்டம்பருக்கு மணிப்பூவான கிக்யோ, அக்டோபருக்குச் செவ்வந்தி, நவம்பருக்குச் சிவந்த மேப்பிள் இலை. டிசம்பர் அணியில் கபுகி என்னும் மரபு நாடகத்தின் நடிகர்களின் பெயர்ப்பலகையைப் போன்ற குட்டிப் பலகைகள் தொங்கும். கியோட்டோவின் மினாமிசா அரங்கில் அந்த மாதம் நடக்கும் நாடக விழாவை ஒட்டியது அது.

மற்றவர்கள் இவ்வளவு கறாராகப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் ஒரு வழக்கம் எல்லோருக்கும் பொது: பருவத்துக்குச் சற்று முந்தி அணியலாம், பிந்தி அணியக் கூடாது. சகுரா மொட்டு விடும்போதே தலையில் சகுரா வைக்கலாம். மரத்தில் பூ உதிர்ந்த பிறகும் வைத்திருந்தால் பார்ப்பவருக்கு உறுத்தும். சந்தேகமாக இருந்தால் பைன்-மூங்கில்-உமே கூட்டோ, பல பூக்கள் கலந்த கொத்தோ வைத்துவிடுங்கள், எந்த மங்கல நாளுக்கும் சரியாக இருக்கும்.

குழந்தைகளுக்கு இது பெரிதும் தேவைப்படுவது நவம்பர் 15-ஐ ஒட்டி வரும் ஷிச்சி-கோ-சான் நாளில். மூன்று வயதும் ஏழு வயதுமான பெண் குழந்தைகளைக் கிமோனோ உடுத்திக் கோயிலுக்கு அழைத்துப்போவார்கள். வயதுவந்தோர் விழா 2000-லிருந்து ஜனவரி இரண்டாம் திங்கள்கிழமை நடக்கிறது. 2022 ஏப்ரலில் சட்டப்படி வயதுவரம்பு 18 ஆகக் குறைந்த பிறகும், பெரும்பாலான ஊர்களில் விழா இருபது வயதினருக்குத்தான்.

துணியும் கருவிகளும்

மரபான துணி ஹபுதாயே என்ற மெல்லிய வெள்ளைப் பட்டு. வேண்டிய நிறத்தில் சாயமேற்றிப் பயன்படுத்துவார்கள். சுருக்கம் விழுந்த நெசவுள்ள சிரிமென் பட்டும் உண்டு. அது சற்றுத் தடிமன், இதழ் கொழுகொழுவென்று வரும். பழகுவதற்கு மெல்லிய பருத்தித் துணி போதும். வாயில் துணியை விடச் சற்று இறுக்கமான நெசவாக எடுங்கள், பிசிறு குறையும். பட்டுக்குப் போகும்போது ஜரிகையில்லாத, மெல்லிய, ஒரே நிறத் துணியாகப் பாருங்கள். பாலியெஸ்டர் வேண்டாம். அது நீரை உறிஞ்சாது என்பதால் மாவுப் பசை உள்ளே இறங்காது. மடிப்பும் நிற்காமல் சில நிமிடத்தில் விரிந்துவிடும்.

இடுக்கி இரண்டு வேண்டும். நுனி நேராக, உட்புறம் வழவழப்பாக, 12–13 செ.மீ. நீளத்தில் இருக்கட்டும். உட்புறம் பல்வரி உள்ள இடுக்கி பட்டில் தடம் பதிக்கும், அந்தத் தடம் பிறகு போகாது. வளைந்த நுனி மடிப்பைக் கோணலாக்கும். இவற்றோடு சுழல் கத்தி, வெட்டுப் பாய், உலோக அளவுகோல், கூரான சிறு கத்தரி, பசை பரப்ப வழவழப்பான பலகை ஒன்று. பலகைக்குப் பதில் தரையில் ஒட்டும் ஓட்டுத் துண்டோ கண்ணாடித் துண்டோ போதும்.

அடித்தளத்துக்கு ஒரு மி.மீ. தடிமன் அட்டை, 24-ஆம் எண் கம்பி, கம்பியைச் சுற்ற மெல்லிய பட்டுநூல். நூல் கிடைக்காவிட்டால் பூங்கொத்துக் கட்டும் பச்சை நாடா ஆகும், தடிமன் மட்டும் கொஞ்சம் கூடும். பூவின் நடுவுக்குச் செயற்கைப் பூ செய்பவர்கள் வாங்கும் மகரந்தத் தண்டுகள் ஒரு கட்டு. கூந்தலில் செருக இரட்டைக்கால் ஊசி ஒன்று, அல்லது சிறு சீப்பு.

வெட்டும் அளவுகள்

பெரிய பூவுக்கு 3 செ.மீ. சதுரம் ஐந்து. சிறிய பூ இரண்டுக்கும் 2 செ.மீ. சதுரம் பத்து. இலைக்கு 2.5 செ.மீ. பச்சைச் சதுரம் மூன்று. சரம் ஒன்றுக்கு 1.5 செ.மீ. சதுரம் ஏழு, மூன்று சரத்துக்கு இருபத்தொன்று. மொத்தம் 39 சதுரம். ஒவ்வொரு அளவிலும் இரண்டு கூடுதலாக வெட்டி வையுங்கள். நடுவில் ஒன்று கெட்டால் அதே துணியில் அதே அளவில் மறுபடி வெட்டுவது அலுப்பான வேலை.

வெட்டுவதற்கு முன் துணியை மிக நீர்த்த கஞ்சியில் நனைத்து, நிழலில் உலர்த்தித் தேயுங்கள். மொடமொடப்பு வேண்டாம். தாளைப் போல் நழுவாமல் கிடந்தால் போதும். துணியின் இழைக்கு நேராக வெட்டுங்கள். இழைக்குக் கோணலாக வெட்டிய சதுரம் மடிக்கும்போது ஒரு பக்கம் இழுபடும், இதழ் தலைசாய்ந்து நிற்கும். அளவில் ஒரு மி.மீ. தவறு 3 செ.மீ. சதுரத்தில் அவ்வளவாகத் தெரியாது. 1.5 செ.மீ. சதுரத்தில் நன்றாகவே தெரியும். முதலில் சீரான அகலத்தில் பட்டைகளாக வெட்டி, பிறகு பட்டைகளைச் சதுரமாக்கினால் தவறு குறையும். கத்தரியால் ஒவ்வொரு சதுரமாக வெட்ட முயல வேண்டாம்.

பசை

மரபான பசை அரிசியில் செய்வது. நம் ஊரில் காற்றாடி ஒட்டப் பயன்படும் சோற்றுப் பசைக்கு நெருங்கிய உறவு. வீட்டில் செய்வதானால், உப்பில்லாமல் நன்றாகக் குழைய வேகவைத்த பச்சரிசிச் சோறு 100 கிராம் எடுத்து, மூன்று தேக்கரண்டி தண்ணீர் விட்டு மைய அரையுங்கள். மெல்லிய துணியில் பிழிந்து வடிகட்டுங்கள். ஒரு பருக்கை நொய் இருந்தாலும் அது இதழுக்கு அடியில் மேடாக நிற்கும். வடிகட்டியதைச் சிறு தீயில் ஐந்து நிமிடம் கிளறி, பளபளப்பு வந்ததும் இறக்கி ஆறவிடுங்கள். குளிர்பெட்டியில் இரண்டு நாள் தாங்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள், பட்டில் கறை ஏற்றும்.

பதம் பார்க்க ஒரு வழி: பசையைக் கத்தியால் பலகையில் தடவுங்கள். கத்தி போன தடம் அப்படியே நிற்க வேண்டும். தடம் மெல்ல மூடிக்கொண்டால் நீர் அதிகம், இன்னும் கொஞ்சம் கிளறுங்கள். தடத்தின் ஓரம் பிய்ந்து பிய்ந்து நின்றால் நீர் போதவில்லை.

நீர் அதிகமான பசை இதழின் அடியிலிருந்து மேலே ஏறிவிடும். பட்டு அந்த இடத்தில் கறுத்து, உலர்ந்ததும் கண்ணாடிபோல் மின்னும். பிறகு எதுவும் செய்ய முடியாது. நீர் குறைந்த பசை வெட்டு விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்குமே தவிர இழைக்குள் இறங்காது. அப்போது ஒட்டியது போலவே தெரியும், இரண்டு நாளில் இதழ் வாய் திறந்துவிடும்.

கடற்கரை ஊர்களில், மழைக்காலத்தில், நான்கு பங்கு சோற்றுப் பசைக்கு ஒரு பங்கு வெள்ளை மரப்பசை கலந்துகொள்ளலாம். ஈரக்காற்றில் இதழ் தளராது. முழுக்க மரப்பசையிலேயே செய்பவர்களும் உண்டு. அது சீக்கிரம் இறுகுவதால் வைத்த இதழை நகர்த்திச் சரிசெய்ய நேரம் தராது, பின்னாளில் பிரித்துப் பழுதுபார்க்கவும் விடாது. சூடாக்கிப் பிழியும் பசைத்துப்பாக்கியை ஊசி பொருத்துவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். இதழுக்கு வேண்டாம், இவ்வளவு நுண்ணிய வேலையில் அதன் உருண்டைகள் துருத்திக்கொண்டு தெரியும்.

வேலை தொடங்கும் முன் பசையைப் பலகையில் கத்தியால் மடித்து மடித்துப் பிசைந்து, காற்றுக் குமிழி போக்கி, 2 மி.மீ. தடிமனில் சமமாகப் பரப்புங்கள். உள்ளங்கை அகலம் போதும். மீதியை ஈரத்துணியால் மூடி வையுங்கள்.

வட்ட மடிப்பு

உமே இதழுக்கு மாரு-ட்சுமாமி என்ற வட்ட மடிப்பு. சதுரத்தைச் சாய்சதுரமாக, ஒரு முனை உங்களைப் பார்க்க இடது கை விரல்களில் பிடியுங்கள். வலது கையில் இடுக்கி.

இடுக்கியால் நடுவைக் குறுக்காகப் பிடித்து, கீழ்முனையை மேல்முனையோடு சேர்த்து முக்கோணமாக்குங்கள். முனையும் முனையும் சரியாகப் பொருந்த வேண்டும். இப்போது முக்கோணத்தின் நடுவைச் செங்குத்தாகப் பிடித்து, இடது முனையும் வலது முனையும் சேரும்படி மறுபடி பாதியாக மடியுங்கள். சிறிய முக்கோணம் கிடைக்கும். இதுவரை எல்லா மடிப்புக்கும் பொது.

அடுத்ததுதான் வட்ட மடிப்பின் உயிர். சிறிய முக்கோணத்தின் நடுவை இடுக்கியால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். சேர்ந்திருக்கும் அந்த இரண்டு முனைகளையும் விரல்களால் பிரித்து, ஒன்றை இந்தப் பக்கமும் மற்றொன்றை அந்தப் பக்கமுமாக வெளிப்புறம் திருப்பி, மேல்முனை வரை கொண்டுபோய்ச் சேருங்கள். சதுரத்தின் நான்கு முனைகளும் ஓரிடத்தில் கூடும். வெட்டு விளிம்புகள் எல்லாம் ஒரே பக்கத்துக்கு வந்திருக்கும். வரவில்லை என்றால் எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது, பிரித்து மறுபடி மடியுங்கள்.

வெட்டு விளிம்பை அடியாகக் கொண்டு இதழைப் பசைப் பலகையில் நிற்கவையுங்கள். பசையில் அழுத்திப் புதைக்க வேண்டாம், பலகை தட்டுப்பட்டதும் விடுங்கள். பத்து முதல் பதினைந்து நிமிடம் அப்படியே நிற்கட்டும். ஈரம் மெல்ல அடி இழைகளுக்குள் ஏறி மடிப்பைக் கட்டிப் பிடிக்கும். ஐந்து இதழையும் வரிசையாக, ஒன்றையொன்று தொடாமல் வையுங்கள். ஐந்தாவதை வைக்கும்போது முதலாவது ஏறக்குறையத் தயாராக இருக்கும்.

முதல் நாள் செய்பவருக்கு இதழ் விரியும். பெரும்பாலும் காரணம் பிடிதான்: விரல் மாற்றும்போது இடுக்கி தளர்ந்திருக்கும். மடித்த இதழைப் பலகைக்குக் கொண்டுபோகும் வரை இடுக்கியைத் திறக்காதீர்கள். விரலில் வியர்வை இருந்தாலும் பட்டு ஒட்டி இழுபடும், பக்கத்தில் உலர்ந்த துணி ஒன்று இருக்கட்டும்.

அடியை வெட்டுவது

பசை பிடித்த இதழை எடுத்து, அடியிலுள்ள வெட்டு விளிம்பை ஒரு மி.மீ. அளவு கத்தரியால் சீராக நறுக்கலாம். நறுக்க நறுக்க இதழின் உயரம் குறையும், இதழ் தாழ்ந்து மலர்ந்து கிடக்கும். நறுக்காத இதழ் உயர்ந்து குவிந்து நிற்கும். ஒரே பூவின் ஐந்து இதழுக்கும் ஒரே அளவு நறுக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஓர் இதழ் அரை மி.மீ. உயரமாக இருந்தாலும் கண் அங்கேதான் போகும். பருத்தியில் செய்தால் நறுக்காமல் விடாதீர்கள், துணியின் தடிமனால் அடி பருத்து, நடுவில் ஐந்து இதழும் முட்டிக்கொள்ளும். நறுக்கிய பின் அடியை மறுபடி பசையில் ஒருமுறை தொட்டெடுங்கள்.

அடித்தளம்

அட்டையில் பெரிய பூவுக்கு 2 செ.மீ. விட்டமும், சிறியவற்றுக்கு 1.3 செ.மீ. விட்டமுமாக வட்டம் வெட்டுங்கள். பூ விரிந்தபின் வட்டம் வெளியே தெரியக் கூடாது. பெரிய பூ 3 செ.மீ.-க்குச் சற்று மேல் வரும், சிறியது 2 செ.மீ.-க்குச் சற்று மேல். வட்டத்தின் நடுவில் ஊசியால் துளையிட்டு, 12 செ.மீ. கம்பியின் நுனியைச் சிறு சுருளாக்கி, மேலிருந்து துளைக்குள் இறக்குங்கள். சுருள் அட்டையில் படிந்ததும் மரப்பசை வைத்து, பூவின் நிறத்துணியில் அரை செ.மீ. பெரிதான வட்டம் வெட்டி மேலே போர்த்தி, ஓரத்தை அட்டைக்கு அடியில் மடித்து ஒட்டுங்கள். முழுதாக உலரட்டும். ஈர அட்டையில் இதழ் வைத்தால் அட்டை வளைந்து, ஒரு பக்க இதழ்கள் தூக்கிக்கொள்ளும்.

வேய்தல்

இதழ்களை அடித்தளத்தில் வைப்பதை ஜப்பானியக் கைவினைஞர்கள் 'ஃபுகு' என்பார்கள். கூரை வேய்வதற்கான சொல் அது. தமிழில் வேய்தல் என்றால் கூரை போடுவது மட்டுமல்ல, பூச் சூடுவதும்தான். இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

அடித்தளத்தின் மேல் பசையை மெல்லிதாகத் தடவுங்கள். வட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் ஐந்து புள்ளி வைத்துக்கொள்வது நல்லது, புள்ளிக்குப் புள்ளி 72 பாகை. கண்ணளவில் வைத்தால் முதல் நான்கு இதழும் தாராளமாக இடம் பிடித்து, ஐந்தாவதுக்கு இடுக்கு மட்டும் மிஞ்சும். இதழின் ஒடுங்கிய பக்கம் பூவின் நடுவைப் பார்க்க வேண்டும், அகன்று உருண்ட பக்கம் வெளியே. முதல் இதழை வைத்துவிட்டு, அடுத்து இரண்டு புள்ளி தாண்டி ஒன்று, அதற்கடுத்து மீண்டும் இரண்டு புள்ளி தாண்டி ஒன்று என்று போங்கள். பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனால் சாய்வு ஒரே திசையில் சேர்ந்துகொண்டே வரும்.

ஐந்தும் அமர்ந்ததும் உடனே விட்டுவிடாதீர்கள். பசை இன்னும் இளக்கமாக இருக்கும் இந்தச் சில நிமிடங்களில்தான் பூ பூவாகிறது. மூடிய இடுக்கியின் நுனியை ஒவ்வோர் இதழின் உட்குழிவுக்குள் விட்டு, மெல்ல விரல்களைத் தளர்த்தி, இதழின் வயிற்றை இரு பக்கமும் விரியுங்கள். இதழ் உருண்டு, பக்கத்து இதழைத் தொட்டு நிற்கும். மேலிருந்து பார்த்தால் ஐந்து உருண்டை வளைவுகள் சமமாகத் தெரிய வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் ஐந்தும் ஒரே உயரம். நடுவில் ஒடுங்கிய நுனிகள் ஐந்தும் ஒரு புள்ளியில் கூட வேண்டும். கூடாமல் ஓட்டை தெரிந்தால் இதழ்களை வெளியிலிருந்து உள்ளே தள்ளுங்கள், மேலிருந்து அழுத்தாதீர்கள்.

மகரந்தத் தண்டுகளை 6 மி.மீ. நீளத்தில் நறுக்கி, ஏழெட்டைச் சேர்த்து அடியில் மரப்பசை தொட்டு நடுவில் நடுங்கள். ஒரு நாள் நிழலில் உலரவிடுங்கள். முடி உலர்த்தும் இயந்திரத்தின் சூட்டுக் காற்று வேண்டாம். மேல்தோல் இறுகி, உள்ளே ஈரம் நின்று, இதழ் ஒரு பக்கமாகச் சுருங்கும்.

இதே ஐந்திதழ்ப் பூவை சகுராவாக்கலாம். வேய்ந்த உடனே, ஒவ்வோர் இதழின் வெளி விளிம்பின் நடுவிலும் துளிப் பசை தொட்டு, இடுக்கி நுனியால் உள்நோக்கி ஓர் ஒடுக்கு ஒடுக்கிச் சில நொடி பிடியுங்கள். சகுரா இதழின் பிளவு வந்துவிடும். இந்தச் சிறு பிளவுதான் இரண்டு பூவுக்கும் வேறுபாடு.

கூர் மடிப்பும் இலையும்

இலைக்கு கென்-ட்சுமாமி. கென் என்றால் வாள். முதலிரண்டு மடிப்பும் முன்பு போலவே. மூன்றாவதில், முனைகளை இரு பக்கமும் பிரிக்காமல் சிறிய முக்கோணத்தை அப்படியே இன்னொரு முறை பாதியாக மடித்தால் கூரான இதழ் வரும். அடி நறுக்கிப் பசையில் நிறுத்துவதில் மாற்றமில்லை. மூன்று இலையையும் 1 செ.மீ. அட்டைத் துண்டில், கூர் நுனி வெளியே வர விசிறிபோல் வைத்து, கம்பி பொருத்துங்கள்.

செவ்வந்திக்கும் இதே மடிப்புதான். கடிகார எண்களின் இடத்தில் முதல் வரிசை பன்னிரண்டு, அவற்றின் இடைவெளியில் சற்றுச் சிறிய சதுரத்தில் மடித்த இரண்டாம் வரிசை பன்னிரண்டு. மேல்வரிசை இதழ்களின் அடியை அதிகம் நறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பூ பந்துபோல் உப்பிவிடும்.

தொங்கும் சரம்

சகாரி எனப்படும் சரத்துக்கு முறுக்கிய பட்டுநூல் 14 செ.மீ. மூன்று. நூலைப் பலகையில் நேராக இழுத்து இரு முனையிலும் ஒட்டுநாடா போடுங்கள். கீழ் முனையில் 2 செ.மீ. விட்டுவிட்டு, 1.5 செ.மீ. சதுரத்தில் மடித்த வட்ட இதழ்களை நூலின்மேல் அடி படுமாறு வையுங்கள், அகன்ற பக்கம் கீழ்நோக்கி. இதழுக்கு இதழ் 3 மி.மீ. இடைவெளி. ஏழு இதழுக்கு ஏறக்குறைய 8 செ.மீ. போகும். நெருக்கி ஒட்டினால் சரம் குச்சிபோல் விறைத்து நிற்கும், நடக்கும்போது ஆடாது. இடைவெளி விட்டால்தான் ஆடும். வெள்ளையில் தொடங்கிக் கீழே போகப்போகச் செம்மை கூடும்படி நிறம் அடுக்கினால் அழகு.

ஒரு நாள் முழுதும் உலர்ந்த பிறகே நூலை எடுக்க வேண்டும். பலகையில் பசை ஒட்டியிருந்தால் மெல்லிய கத்தியை அடியில் விட்டு நகர்த்துங்கள், நூலைப் பிடித்து இழுத்தால் இதழ் பலகையிலேயே நின்றுவிடும். கீழ் முனையில் ஒரு சிறு மணி கட்டலாம். மேல் முனைகள் மூன்றையும் சிறு வளையத்தில் முடிச்சிட்டு வையுங்கள்.

மைக்கோ பெண்கள் முதலாண்டில் மட்டுமே முன்பக்கப் பூவில் இப்படித் தொங்கும் சரம் வைப்பார்கள், மூப்பு ஏறியதும் சரம் போய்விடும். மற்றபடி சரம் இளமையின் அடையாளமாகவே பார்க்கப்படுகிறது. நடுவயதினருக்குச் செய்வதானால் சரத்தை விட்டுவிட்டு, இலையைக் கூட்டிக்கொள்ளலாம்.

கொத்தாகக் கட்டுவது

பூக்களின் கம்பிகளை அடித்தளத்திலிருந்து 2 செ.மீ. கீழே சற்றே வளையுங்கள். பெரிய பூ முன்னால், சிறியவை இரண்டும் ஒன்று மேலும் ஒன்று பக்கத்திலுமாகச் சற்றுத் தாழ, இலை பின்னால். மூன்று பூவையும் ஒரே மட்டத்தில் வைத்தால் தட்டையாகத் தெரியும். எல்லாக் கம்பியையும் சேர்த்துப் பிடித்து, நூலில் துளிப் பசை தொட்டு, வளைவில் தொடங்கி இறுக்கமாகச் சுற்றிக்கொண்டே 3 செ.மீ. இறங்குங்கள். நடுவழியில் சரத்தின் வளையத்தையும் சேர்த்துச் சுற்றுங்கள். பிறகு ஊசியின் தலைப்பகுதியைக் கம்பிக்கற்றையோடு சேர்த்து வைத்து மறுபடி சுற்றி, மிஞ்சிய கம்பியை நறுக்குங்கள். வெட்டிய கம்பி நுனி நூலுக்குள் மறைய வேண்டும், தலைத்தோலைக் குத்தும். ஊசியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பூ தனியாக ஆடினால் சுற்று தளர்வு, பிரித்து மறுபடி சுற்றுவதைத் தவிர வழியில்லை.

அணிவது, வைப்பது, பழுது பார்ப்பது

முடி நிற்கத் தெளிக்கும் திரவத்தை முதலில் தெளித்து, அது உலர்ந்த பிறகே கன்சாஷியைச் செருகுங்கள். அதன் ஈரம் பட்டால் பட்டு கறைபடும், பசை இளகும். ஊசியைக் கொண்டையின் அடிக்கட்டில், முடி இறுகியிருக்கும் இடத்தில், தலைத்தோலுக்கு இணையாக நுழைக்க வேண்டும். தளர்ந்த முடியில் செருகினால் சரத்தின் எடை கீழே இழுத்துவிடும். மூன்று வயதுக் குழந்தைக்கு மெல்லிய முடியில் ஊசி நிற்காது, பட்டென்று மூடும் கிளிப்பில் பொருத்துங்கள். சரம் கண்ணில் படாதபடி காதுக்குப் பின்னால் வர வேண்டும்.

மழையில் அணிய வேண்டாம். சோற்றுப் பசை நீரில் கரையும், சாயமும் இறங்கும். அதே குணம்தான் பழுது பார்க்கும்போது கைகொடுக்கிறது. நசுங்கிய இதழின் அடியில் ஈரத் தூரிகையால் இரண்டு மூன்று முறை தொட்டு, ஐந்து நிமிடம் பொறுத்தால் பசை இளகி அந்த ஓர் இதழ் மட்டும் கழன்று வரும். அதே அளவில் புதிதாக ஒன்று மடித்து அந்த இடத்தில் வைக்கலாம். வெட்டும்போது எடுத்துவைத்த கூடுதல் சதுரங்களை அணியோடு ஒரு தாளில் சுற்றி வைத்தால், நிறம் தேடி அலைய வேண்டியிருக்காது.

ஜப்பானில் இவற்றைக் கிரி (பவுலோனியா) மரப் பெட்டியில் வைப்பார்கள். பூவை விட உயரமான கெட்டி அட்டைப்பெட்டியும் போதும். ஊசியைப் பஞ்சுக் கட்டில் குத்தி, இதழ் எதன்மீதும் படாமல் நிற்கவையுங்கள். அரிசிப் பசை கரப்பானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் தீனி. ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றும், துணியில் முடிந்த அந்துருண்டை ஒன்றும் பெட்டியின் மூலையில் இருக்கட்டும், அந்துருண்டை பட்டைத் தொடாமல். ஆண்டுக்கு இரண்டு முறை, வெயில் படாத உலர்ந்த காற்றில் அரை நாள் திறந்து வைத்து, பொட்டலத்தை மாற்றுங்கள்.